வன்முறைத் தீவிரவாத வழக்குகளில் சிறைப்பட்டோரின் மறுவாழ்வு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் துறைகள் இணைந்து செயல்பட ஒரு முழுமையான வழிகாட்டி

தீவிரவாத வழக்கில் சிறை சென்ற ஒருவர், சாகும்வரை சிறை என்று தீர்ப்பான மிகச் சிலரைத் தவிர, என்றேனும் ஒரு நாள் வெளியே வருவார். அவர் வந்து சேரும் இடம் பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ தேன்கனிக்கோட்டையிலோ உள்ள ஒரு தெருவாக இருக்கும். அந்தத் தெருவில் அவர் மீண்டும் வன்முறையை நாடாமல் வாழ்வாரா என்பதில் அவருடைய மனமாற்றத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு அவரைச் சுற்றியிருந்த அலுவலகங்களுக்கும் உண்டு. சிறைத்துறை, காவல்துறை, நீதிமன்றம், சட்டப்பணிகள் ஆணைக்குழு, மருத்துவமனை, மாவட்ட நிர்வாகம் ஆகிய அனைத்தும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தும் ஒன்றோடொன்று பேசாமல் இருந்துவிட்டால், அவர் வெளியே வரும் நாளில் அவருக்கு என்ன தேவை என்பது எவருக்கும் முழுமையாகத் தெரியாது.

இந்த இரு மாவட்டங்களுக்கும் இந்தக் கேள்வி புதிதன்று. 1970-களின் பிற்பகுதியில் தருமபுரிப் பகுதியில் நக்சல்பாரி இயக்கம் பரவியதையும், 1980-களின் தொடக்கத்தில் அதற்கு எதிராகக் காவல்துறை எடுத்த கடும் நடவடிக்கைகளையும் மூத்த தலைமுறை மறக்கவில்லை. நாயக்கன்கொட்டாயில் நக்சல்பாரித் தலைவர்களான அப்பு, பாலன் நினைவுச் சின்னம் இன்றும் நிற்கிறது. 2002 நவம்பரில் ஊத்தங்கரை அருகே ஆயுதப் பயிற்சி பெற்றதாகப் பலர் கைது செய்யப்பட்டுப் பொடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கைச் சந்தித்தபோது ஊத்தங்கரை தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004 பிப்ரவரி 9 அன்றுதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. பொடா அதே ஆண்டில் நீக்கப்பட்டாலும், ஏற்கெனவே தொடங்கிய வழக்குகள் நீக்கத்துக்குப் பின்னும் நடந்தன. இன்று அத்தகைய வழக்குகள் பெரும்பாலும் 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. கொள்கை இடதுசாரியாக இருக்கலாம், மதத்தின் பெயரால் இருக்கலாம், இனத்தின் பெயரால் இருக்கலாம். மறுவாழ்வுப் பணியின் படிகள் பெரும்பாலும் ஒன்றே.

சிறை அலுவலர், நன்னடத்தை அலுவலர், காவல் அதிகாரி, வழக்கறிஞர், தன்னார்வலர், குடும்பத்தார் ஆகியோருள் எவர் இதைப் படித்தாலும், தம்முடைய பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

படி 1: நோக்கத்தை எழுத்தில் ஒப்புக்கொள்ளுதல்

மறுவாழ்வு என்ற சொல்லை ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறது. காவல்துறைக்கு அது பழைய கூட்டாளிகளைப் பற்றிய தகவல். சிறைத்துறைக்கு அது பிளாக்கில் சச்சரவு இல்லாமை. மாவட்ட நிர்வாகத்துக்கு அது திட்டத்தில் சேர்த்த பயனாளி எண்ணிக்கை. தாய்க்கோ, பிள்ளை வீடு திரும்புவது. முதல் கூட்டத்திலேயே இந்த வேறுபாட்டைப் பேசித் தீர்க்காவிட்டால், பின்னர் நடக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் அது வேறு பெயரில் தலைதூக்கும்.

எழுத வேண்டிய நோக்கம் குறுகியதாக இருக்கட்டும்: இவர் வன்முறையைக் கைவிட வேண்டும்; சட்டத்துக்கு உட்பட்டு, தம் உழைப்பில், தம் குடும்பத்தோடோ தாம் விரும்பும் இடத்திலோ வாழ வேண்டும். கருத்தை மாற்றுவது அந்த நோக்கத்தில் இடம்பெறக்கூடாது. நிலச்சீர்திருத்தம் வேண்டும் என்று ஒருவர் நம்புவதும், தம் மதத்தை ஆழ்ந்து பின்பற்றுவதும் அரசமைப்புச் சட்டம் காக்கும் உரிமைகள். அவற்றையும் சேர்த்துக் கைவிடச் சொல்லும் திட்டத்தை எந்தச் சிறைவாசியும் நம்பமாட்டார். நம்புவதுபோல் நடிப்பவர்களே அதில் சேர்வார்கள். வன்முறையை விட்டு விலகுவதை நடத்தையில் பார்க்க முடியும், கருத்து மாறிவிட்டதா என்பதை எவராலும் அளக்க முடியாது என்பதால், நடைமுறை நோக்கிலும் இந்த வரம்பு சரியானதே.

படி 2: யார் கையில் எது இருக்கிறது என்று வரைதல்

அரசமைப்புச் சட்டத்தின்படி சிறை நிர்வாகம் மாநில அரசின் பொறுப்பு. ஆனால் பல வழக்குகளை நடத்துவது மத்திய அரசின் தேசியப் புலனாய்வு முகமை. அதற்கான சிறப்பு நீதிமன்றம் பூந்தமல்லியில் இயங்குவதால், கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் விசாரணைக் காலம் முழுவதும் புழல் சிறையில் இருக்க நேரலாம். தண்டனை பெற்றபின் இவ்விரு மாவட்டத்தவரும் வழக்கமாகச் செல்வது சேலம் மத்திய சிறைக்கு. ஆனால் உயர்பாதுகாப்புக் காரணங்களால் கோவைக்கோ பாளையங்கோட்டைக்கோ மாற்றப்படுவதும் உண்டு. ஓசூர் எல்லையைத் தாண்டினால் கர்நாடகம்; அங்கே வேறு வழக்கு இருந்தால் பெங்களூரு பரப்பன அக்ரஹாரச் சிறை. ஒரே மனிதருடைய மருத்துவக் குறிப்பு ஓரிடத்திலும், படிப்புச் சான்று இன்னோரிடத்திலும், வழக்கு விவரம் மூன்றாமிடத்திலும் சிதறிக் கிடப்பது இதனால்தான்.

மாவட்ட அளவில் வரைய வேண்டிய பட்டியலில் முதலில் வருபவர் நன்னடத்தை அலுவலர். சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையைச் சேர்ந்த இவர் ஊருக்குச் சென்று குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை தருபவர். சிறைக்கும் ஊருக்கும் இடையில் சட்டபூர்வமாக நடமாடும் ஒரே அலுவலர் இவர் எனலாம். அடுத்து, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. மாவட்ட முதன்மை நீதிபதி இதன் தலைவர், நீதித்துறை அலுவலர் ஒருவர் செயலாளர். காவல்துறையில் மூன்று அடுக்குகள் உண்டு: உள்ளூர் நிலையம், தீவிரவாத இயக்கங்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவு, 2023-இல் அமைக்கப்பட்ட தீவிரவாதத் தடுப்புப் பிரிவு. மருத்துவத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மாவட்டத் தொழில் மையம், அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள், மகளிர் திட்டம், விடுதலை பெற்ற சிறைவாசிகளுக்கான உதவிச் சங்கம் ஆகியவை அதன்பின் வரும்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் என்ன செய்வார் என்பதோடு என்ன செய்யமாட்டார் என்பதையும் எழுத வேண்டும். மனநல ஆலோசகர் புலனாய்வுக்குத் தகவல் திரட்டமாட்டார். காவலர் சமயப் போதனை செய்யமாட்டார். தொண்டு நிறுவனம் வழக்கைப் பற்றிப் பேசாது. இரண்டாவதாக எழுதப்படும் இந்த வரிகள்தாம் பின்னாளில் சண்டையைத் தவிர்க்கும்.

படி 3: விசாரணைக் கைதியையும் தண்டனைக் கைதியையும் பிரித்து அணுகுதல்

சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 43-டி (5) பிரிவு பிணையைக் கடினமாக்குவதால், தீர்ப்பு வருவதற்கு முன்பே பல ஆண்டுகள் சிறையில் கழிகின்றன. இவர்கள் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆகவே, இவர்களை எந்த மறுவாழ்வுத் திட்டத்திலும் கட்டாயமாகச் சேர்க்க முடியாது. சேர்த்தால், பங்கேற்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடுமோ என்ற நியாயமான அச்சம் எழும். படிப்பு, மருத்துவம், சட்ட உதவி, குடும்பத் தொடர்பு ஆகிய நான்கையும் எந்த நிபந்தனையுமின்றி வழங்க வேண்டும்; கொள்கை தொடர்பான உரையாடல் எதுவும் வழக்கறிஞருக்குத் தெரிந்து, சிறைவாசியின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு மட்டுமே நடக்க வேண்டும்.

வழக்கு தாமதமாவதைக் குறைப்பதும் மறுவாழ்வுப் பணியே என்பது இந்த வழிகாட்டியின் உறுதியான கருத்து. வழிக்காவலுக்குக் காவலர் இல்லை என்ற காரணத்தால் வாய்தாவுக்கு அழைத்துச் செல்லப்படாத ஒவ்வொரு முறையும், அரசுமீது அவருக்கிருக்கும் கசப்புக்கு ஒரு புதிய காரணம் கிடைக்கிறது. நீண்டகாலச் சிறைவாசமும், விசாரணை விரைவில் முடிய வாய்ப்பில்லாமையும் இருந்தால் இச்சட்டத்தின்கீழும் அரசமைப்பு நீதிமன்றங்கள் பிணை வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் நஜீப் வழக்கில் கூறியிருக்கிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர், தகுதியுள்ள ஒவ்வொருவரின் கோப்பையும் இந்தத் தீர்ப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

படி 4: ஒருவருக்கு ஒரு கோப்பு, ஒரு கோப்புக்கு ஒரு பொறுப்பாளர்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செயல்படுத்த முடியும் என்றால், செயல்படுத்த வேண்டியது இதுவே.

குழு அமைப்பது எளிது. ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் பத்துத் துறையினர் அமர்ந்து, தேநீர் அருந்தி, நடவடிக்கைக் குறிப்பில் கையொப்பமிட்டுக் கலைவார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட சிறைவாசியின் பெயரைச் சொல்லி, இவருடைய நீரிழிவு மாத்திரை ஏன் இரண்டு வாரமாக வரவில்லை, இவருடைய தங்கை திருமணத்துக்கு விடுப்பு மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டால், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எவரும் அந்த அரங்கில் இருக்கமாட்டார். அந்த ஒருவரை நியமிப்பதே ஒருங்கிணைப்பின் தொடக்கம். அவர் நன்னடத்தை அலுவலராக இருப்பதே பொருத்தம். அவருடைய பணிச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பதால், இத்தகைய வழக்குகளைப் பார்ப்பவருக்கு வேறு வழக்குகளைக் குறைத்துத் தருவதற்கான ஆணையைச் சிறைத்துறைத் தலைமையிடமிருந்து முன்கூட்டியே பெற வேண்டும். குழுவைக் கூட்டுபவராகச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர் இருப்பது நல்லது. நீதித்துறையைச் சேர்ந்தவர் தலைமையேற்கும்போது சிறைவாசியும் குடும்பமும் நம்புகின்றனர், காவல்துறையும் மதிக்கிறது.

அடுத்தது தகவல். துறைகளுக்கிடையே தகவல் போகாததால் உயிர்கள் போயிருக்கின்றன. 2019 நவம்பர் 29 அன்று லண்டனின் ஃபிஷ்மாங்கர்ஸ் ஹாலில், தீவிரவாத வழக்கில் தண்டனை பெற்று முந்தைய ஆண்டு நிபந்தனையுடன் விடுதலையான ஒருவர், சிறைக் கல்வித் திட்டம் ஒன்றின் நிகழ்ச்சிக்கு வந்த இடத்தில் இருவரைக் குத்திக் கொன்றார். இறந்த இளைஞர்கள் இருவரும் சிறைவாசிகளின் கல்விக்காக உழைத்தவர்கள். 2021-இல் நடந்த மரண விசாரணையில், அவரைக் கண்காணிக்கவென்றே அமைந்த பல்துறைக் குழுவின் நிர்வாகத்திலும், துறைகளுக்கிடையிலான தகவல் பரிமாற்றத்திலும் பெரும் குறைகள் இருந்ததாக ஜூரி முடிவு செய்தது. 2020 நவம்பர் 2 அன்று வியன்னாவில் நால்வரைக் கொன்றவரும் முந்தைய டிசம்பரில் சிறையிலிருந்து முன்கூட்டியே விடுதலையாகி, மறுவாழ்வுத் திட்டத்தில் இருந்தவரே. இடைப்பட்ட கோடையில் அவர் தோட்டாக்கள் வாங்க முயன்றதை ஸ்லோவாக்கியக் காவல்துறை ஆஸ்திரியாவுக்குத் தெரிவித்திருந்தது. அச்செய்தி உரியவர்களிடம் உரிய வேகத்தில் சேரவில்லை. இரண்டிலும் பொறுப்பான அமைப்புகள் இருந்தன. அபாயச் செய்தி கிடைத்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற தெளிவு முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பதே இவற்றின் பாடம்.

ஆனால் இதன் மறுபக்கமும் அதே அளவுக்கு ஆபத்தானது. எல்லாத் தகவலும் எல்லோருக்கும் போனால், சிறைவாசி வாய் திறக்கமாட்டார். ஆகவே, எழுத்துபூர்வமான ஓர் உடன்பாட்டில் தகவலை மூன்று வகையாகப் பிரிக்க வேண்டும். உடல்நலம், படிப்பு, வேலை, குடும்பத் தேவை ஆகியவை குழு முழுவதற்கும் தெரியலாம். ஆலோசகரிடம் சொன்ன மனவேதனை, பழைய நினைவுகள், குடும்பச் சிக்கல்கள் ஆகியவை ஆலோசகரிடமே இருக்க வேண்டும். பிறருடைய உயிருக்கோ தம் உயிருக்கோ நேரவிருக்கும் ஆபத்து பற்றிய செய்தி மட்டும், ஆலோசகரிடமிருந்து பொறுப்பாளருக்கும், பொறுப்பாளரிடமிருந்து காவல்துறையில் முன்னரே பெயர் குறிக்கப்பட்ட ஓர் அதிகாரிக்கும் அன்றைக்கே போக வேண்டும். இந்த மூன்றாம் வகை உண்டு என்பதை முதல் சந்திப்பிலேயே சிறைவாசிக்கு அவருடைய மொழியில் சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்துப் பின்னர் பயன்படுத்துவது, அவரோடு சேர்த்து அந்தப் பிளாக்கில் உள்ள அனைவரின் நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.

உளவுப் பணியும் மறுவாழ்வுப் பணியும் ஒரே கையில் இருக்கக்கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உளவுப் பிரிவுக்கு அதன் வேலை இருக்கிறது. அது தேவையான வேலை. ஆலோசகரின் அறையை அதற்குப் பயன்படுத்துவதைத்தான் மறுக்க வேண்டும்.

படி 5: மதிப்பீடு

சிறைக்குள் வந்த சில வாரங்களுக்குள் முதல் மதிப்பீட்டைச் செய்து, குறிப்பிட்ட இடைவெளியில் புதுப்பிக்க வேண்டும். வெரா-2ஆர், ஈஆர்ஜி 22+ போன்ற மதிப்பீட்டு முறைகள் வெளிநாட்டுச் சூழலில் உருவானவை. அவற்றின் கேள்விகளை வழிகாட்டியாகக் கொள்ளலாம், மதிப்பெண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது. இயக்கத்துக்குள் எப்படி வந்தார், யார் அழைத்தார், என்ன அவமானம் அல்லது இழப்பு முன்னால் நடந்தது, இன்று யாருடைய சொல்லுக்குக் கட்டுப்படுகிறார், எதை இழக்க அஞ்சுகிறார் என்பவை வழக்குப் பிரிவைவிட அதிகம் சொல்லும். ஒரே வழக்கில் நிற்கும் ஐவரில் ஒருவர் தலைவராகவும், ஒருவர் நண்பனுக்காக வந்தவராகவும், ஒருவர் தம் அறைக்கு வந்துபோனவர்கள் யார் என்றே தெரியாதவராகவும் இருக்கக்கூடும். மூவருக்கும் ஒரே திட்டம் பயன்படாது.

மொழியையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதியினர் பலருக்கு வீட்டுமொழி தெலுங்கோ கன்னடமோ. கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் குடும்பங்கள் பல. மனம்விட்டுப் பேசும் உரையாடலுக்கு அலுவல்மொழி போதாது.

படி 6: சிறைக்குள் நடக்க வேண்டியவை

தீவிரவாத வழக்கினரைத் தனிப் பிளாக்கில் வைப்பதா, மற்றவர்களோடு கலந்து வைப்பதா என்பது உலகெங்கும் தீராத விவாதம். தனியே வைத்தால் அவர்களுக்குள் பிணைப்பு இறுகும். கலந்து வைத்தால் பிறரை ஈர்க்கும் வாய்ப்பு உண்டு. பொது விதி தேடுவதைவிட, மதிப்பீட்டின்படி ஆள் பார்த்து முடிவெடுப்பதே சரி: ஆள் சேர்க்கும் திறனுள்ளவரைப் பிரித்து வைக்கலாம், பின்னால் வந்தவரை அவரிடமிருந்து விலக்கி வைக்கலாம். எதுவாயினும் தனிமைச் சிறையைத் திட்டமாக்கக்கூடாது. 1978-இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வரம்பு கட்டியது, 2015-இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள் தொடர்ந்து 15 நாள்களுக்கு மேற்பட்ட தனிமைச் சிறையைத் தடை செய்கின்றன.

சிறைவாசி அன்றாடம் பார்ப்பது ஆலோசகரை அன்று, பிளாக் காவலரைத்தான். பெயர் சொல்லி அழைப்பதும், மனு பார்க்க (சிறைச் சந்திப்புக்கு) வந்த தாயை மரியாதையோடு நடத்துவதும், தொழுகைக்கோ விரதத்துக்கோ உரிய நேரத்தை ஏளனமின்றி அனுமதிப்பதும், அரசு எப்படிப்பட்டது என்று அவர் கேட்டுவந்த பரப்புரைக்கு நேர்ப்பதிலாக அமைகின்றன. ஓர் அடி, ஒரு சாதிச் சொல், ஒரு மத வசவு பல மாத உழைப்பைக் கரைத்துவிடும். எனவே பிளாக் காவலர்களுக்கான பயிற்சியை ஆலோசகர் நியமனத்துக்கு முன்பே நடத்த வேண்டும்; தென்மாநிலங்களின் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் கழகம் அருகில் வேலூரிலேயே இருப்பது இம்மாவட்டங்களுக்கு வசதி.

படிப்பும் தொழிலும் பெயருக்கு இருக்கக்கூடாது. திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்புகள் சிறையிலிருந்தே எழுதக்கூடியவை. தொழிற்பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது வெளியே உள்ள சந்தையைப் பார்க்க வேண்டும்: ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பற்றவைப்பு, கடைசல், மின்பணி, கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளுக்கு வேண்டிய உணவுப் பதப்படுத்தல், இரு மாவட்டத்திலும் நடக்கும் பட்டுப்புழு வளர்ப்பு, பாலக்கோட்டுத் தக்காளிக்கேற்ற சொட்டுநீர்ப் பாசனம். சான்றிதழில் சிறையின் பெயர் இடம்பெறாமல், பயிற்சி நிலையத்தின் பெயர் மட்டும் இடம்பெறுமாறு முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

கொள்கை உரையாடலுக்கு யாரை அழைப்பது? சிங்கப்பூரில் 2003 முதல் இஸ்லாமிய அறிஞர்கள் தன்னார்வக் குழுவாக இணைந்து, தென்கிழக்காசியத் தீவிரவாத அமைப்பான ஜெமா இஸ்லாமியா தொடர்பான வழக்கில் காவலில் இருந்தவர்களோடு சமய நூல்களின் அடிப்படையில் பேசினர். அதே நேரத்தில் வேறொரு குழு அவர்களுடைய மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் உதவியது. அங்கே அவர்கள் விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டத்தின்கீழ் இருந்தவர்கள் என்பதால் அந்த முறையை அப்படியே இங்கு எடுத்துவர முடியாது. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: பேசியவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர், தம் சமூகத்தில் மதிப்புப் பெற்றவர்கள். நம் மாவட்டத்தில், மதத்தின் பெயரால் வன்முறைக்குப் போனவரோடு பேச ஊரறிந்த ஆலிமும், இடதுசாரி ஆயுதக் குழுவிலிருந்து வந்தவரோடு பேச, உழவர் போராட்டங்களைச் சட்டத்துக்கு உட்பட்டு நடத்திய மூத்த தொழிற்சங்கத்தாரும் பொருத்தமானவர்கள். அவர்களுக்கும் பயிற்சி வேண்டும். விவாதத்தில் வெல்வது அவர்களுடைய வேலையன்று.

மனநலத்தைத் தனியே சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்பக் கடமைப்படுத்துகிறது. இந்த அறிக்கையைச் சடங்காக்காமல், விசாரணைக் காலத்தில் பட்ட அதிர்ச்சி, தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றை உண்மையாகப் பதிவுசெய்ய அதைப் பயன்படுத்தலாம்.

படி 7: குடும்பத்தைப் பணியின் உள்ளே கொண்டுவருதல்

அஞ்செட்டியிலிருந்து ஒரு தாய் புழல் சிறைக்கு வந்து திரும்ப, ஒரு பகலும் ஓர் இரவும் போவதோடு, பல நாள் கூலியும் போகிறது. சேலம் என்றாலும் அவர் மலையிறங்கி இரண்டு மூன்று பேருந்து மாற வேண்டும். அப்படி வந்தவரை, ஆதார் அட்டையின் நகல் இல்லை என்று திருப்பி அனுப்புவதைவிடக் கொடுமை வேறில்லை. மனு போடுவதற்கு என்னென்ன ஆவணம் வேண்டும், காணொலிச் சந்திப்புக்கு எப்படிப் பதிவு செய்வது என்பதைச் சட்டசார் தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்கே சென்று சொல்லித்தர வேண்டும். குடும்பம் இருக்கும் மாவட்டத்துக்கு அருகிலுள்ள சிறைக்கு மாற்றுவது பாதுகாப்புக்கு உகந்ததாக இருக்கும்போதெல்லாம், அதைச் சலுகையாகப் பார்க்காமல் திட்டத்தின் பகுதியாகவே செய்ய வேண்டும்.

ஊரில் அந்தக் குடும்பம் பட்டபாடு பெரும்பாலும் எந்தக் கோப்பிலும் இருக்காது. வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. பெண்ணுக்கு வந்த வரன் திரும்பிப் போகிறது. பள்ளியில் பிள்ளையைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சொல்லும் சொல் வீட்டுக்கு வந்து சேர்கிறது. குழந்தைகள் பாதுகாப்பு அலகு அந்தப் பிள்ளைகளின் படிப்பு இடைநிற்காமல் பார்த்துக்கொள்வதும், மகளிர் குழுவில் மனைவிக்கு இடம் கிடைப்பதும், சிறைவாசிக்குத் தரப்படும் எந்த ஆலோசனையைவிடவும் வலுவாக வேலை செய்யும். தம் பிள்ளை பள்ளிக்குப் போகிறான் என்று தெரிந்த தகப்பனுக்கு இழப்பதற்கு ஒன்று இருக்கிறது.

எல்லாக் குடும்பமும் உதவும் குடும்பம் அன்று. சில வீடுகளில் அண்ணனோ மாமனோதான் அவரை இயக்கத்துக்கு அழைத்துச் சென்றிருப்பார். அதை மதிப்பீட்டில் பார்த்துவிட்டு, தங்குவதற்கு வேறு உறவினர் வீட்டையோ இல்லத்தையோ பேசிவைக்க வேண்டும்.

படி 8: விடுதலைக்கு முந்தைய ஆயத்தம்

விடுதலைக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே கோப்பு விரிவடைய வேண்டும். ஆதார், குடும்ப அட்டையில் பெயர், வங்கிக் கணக்கு, வாக்காளர் அட்டை, படிப்புச் சான்று, மருத்துவக் குறிப்பின் நகல் ஆகியவை சிறைக்குள்ளிருக்கும்போதே சரிசெய்யக்கூடியவை. வெளியே வந்தபின் ஒவ்வொன்றுக்கும் பல முறை அலைய வேண்டியிருக்கும்.

1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்கீழ் விடுப்புக்குத் தகுதியுள்ளவராயின், அந்த விடுப்பைச் சோதனைக் காலமாகப் பயன்படுத்தலாம். விடுப்பில் போன இடத்தில் என்ன நடந்தது, யார் வந்து பார்த்தார்கள், அவர் எப்படி உணர்ந்தார் என்பதைத் திரும்பி வந்த வாரமே பொறுப்பாளர் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

நிலுவையிலுள்ள வேறு வழக்குகளைத் தேடித் தீர்க்காமல் விட்டால் மற்றவை எல்லாம் வீணாகும். சிறை வாசலில் குடும்பம் காத்து நிற்கும்போது, வேறு மாவட்டத்தின் அல்லது கர்நாடகத்தின் பி.டி. வாரண்டோடு (சிறையிலுள்ளவரை வேறு வழக்குக்காக அழைத்துச் செல்லும் நீதிமன்ற ஆணையோடு) காவலர்கள் வந்து அவரை மீண்டும் அழைத்துச் செல்வது நடக்கிறது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் ஆறு மாத ஆயத்தமும் அந்த வாசலிலேயே முடிந்துவிடும். சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலும் கர்நாடகத்திலும் நிலுவை வழக்குகள் உள்ளனவா என்று முன்பே எழுதிக் கேட்டு, அவற்றில் பிணையோ முடிவோ பெற்றுவிட வேண்டும்.

படி 9: வெளியே வந்தபின்

கண்காணிப்பு தேவைப்படும் இடங்கள் உண்டு. அதை எப்படிச் செய்வது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. இலங்கையில் 2009-க்குப் பின் சுமார் 12,000 முன்னாள் விடுதலைப் புலி உறுப்பினர்கள் மறுவாழ்வு நிலையங்கள் வழியாகச் சமூகத்துக்கு அனுப்பப்பட்டனர். தொழிற்பயிற்சியும் படிப்பும் அங்கே தரப்பட்டன. ஆயினும், நீதிமன்ற விசாரணையின்றி அடைத்து வைத்ததும், வெளியே வந்தபின் படைத்தரப்பினர் அடிக்கடி வீடு தேடி வந்து விசாரித்ததும் கடும் குறைகளாகப் பதிவாயின. சீருடை வந்து நின்ற வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் வரத் தயங்குவார்கள். வேலை கொடுத்தவர் நிறுத்திவிடுவார். மறுவாழ்வு வேண்டும் என்று அனுப்பிய அரசே அதைக் கெடுத்ததாக அது முடியும்.

எனவே காவல்துறையில் ஒரே ஓர் அதிகாரி மட்டும் தொடர்பில் இருக்க வேண்டும். உள்ளூர் நிலையம், கியூ பிரிவு, தீவிரவாதத் தடுப்புப் பிரிவு மூன்றும் தனித்தனியே அழைப்பது கூடாது. நீதிமன்றம் விதித்த கையொப்ப நிபந்தனை இருந்தால், அது வேலை நேரத்தைக் கெடுக்காதபடி நேரம் மாற்றக் கேட்டு மனு செய்யலாம். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் காவல்துறை, சமூகநலத்துறை, பள்ளிகள் ஆகியவை இணைந்து நடத்தும் முறையில், வீடு, வேலை, மருத்துவம் ஆகிய அன்றாடத் தேவைகளும் வழிகாட்டி ஒருவரின் தொடர்ந்த துணையும் முதலிடம் பெறுகின்றன. அந்த வரிசை நமக்கும் பொருந்தும்.

வேலைக்கு இம்மாவட்டத்தவர் பலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவது இயல்பு. அவர் போனால், பொறுப்பாளருக்குச் சொல்லிவிட்டுப் போகும் ஏற்பாடு இருக்க வேண்டும்; போனதே சந்தேகத்துக்குரியது என்று கருதக்கூடாது. வேலை தருபவரிடம் எவ்வளவு சொல்வது என்பதை விடுதலையானவரே முடிவுசெய்யட்டும். மனம் தளரும் இரவுகளில் அழைக்க, அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அவருக்கும் வீட்டாருக்கும் தந்து வைக்கலாம்.

பாதிக்கப்பட்டவர்களின் குடும்பமும் இதே மாவட்டத்தில் இருக்கக்கூடும். அவர் விடுதலையாகும் செய்தியை அவர்கள் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது. சட்டப்பணிகள் ஆணைக்குழு முன்பே தெரிவித்து, அவர்களுக்கு வரவேண்டிய இழப்பீடு நிலுவையில் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படி 10: மறுஆய்வும் கோப்பை மூடுதலும்

முதல் ஆண்டில் மாதந்தோறும், பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழு அவருடைய கோப்பை மட்டும் எடுத்துப் பேச வேண்டும். வேலையில் இருக்கிறாரா, கடன் எவ்வளவு, வீட்டில் சண்டை உண்டா, பழைய தொடர்பு தேடி வந்ததா, வந்தபோது என்ன செய்தார் என்பவையே கேள்விகள். வேலை இழந்தது, மறுபடி குடிக்கத் தொடங்கியது போன்ற சறுக்கல்களைப் பாதுகாப்பு மீறலாகப் பதியாமல், உதவி தேவைப்படும் நேரமாகக் கொள்ள வேண்டும். ஆயுதம், பணம், ஆள் சேர்ப்பு ஆகியவை தொடர்பான அறிகுறி தென்பட்டால் மட்டுமே படி 4-இல் சொன்ன மூன்றாம் வகை வழி திறக்க வேண்டும்.

அதிகாரிகள் மாறும்போது கோப்பு அநாதையாகிவிடும் என்பதால், பொறுப்பாளர் மாறினால் பழையவரும் புதியவரும் சேர்ந்து அவரை ஒருமுறை நேரில் சந்தித்த பின்பே பொறுப்பு கைமாற வேண்டும்.

கோப்புக்கு முடிவுநாள் இருக்க வேண்டும். விடுதலைக்குப்பின் எத்தனை ஆண்டு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி, அந்த நாளில் குழு கூடி, தொடர வேண்டுமானால் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். மூடுவதென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளர் கையொப்பமிட்டு, அதன் நகலை அவரிடமே கொடுத்து, ஆலோசனைக் குறிப்புகளை உறையிட்டு முத்திரை வைத்து, உள்ளூர் நிலையத்தின் கண்காணிப்புப் பட்டியலில் அவர் பெயர் தொடர வேண்டுமா என்பதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அந்த மாதத்துக்குள் எழுத்தில் முடிவுசெய்து குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.